சிவப்பு இலையும் பாசியும்: செடித்தொட்டிக்கான உரக் கணக்கு

செடி வளர்க்கும் மீன்தொட்டியில் பாசி கண்ணில் பட்டதும் பலரும் முதலில் நிறுத்துவது உரத்தைத்தான். உரம் இல்லாவிட்டால் பாசி பட்டினியில் செத்துவிடும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. பாசிக்கு வேண்டிய சத்து மிகக் கொஞ்சம். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகும் இலையுமே அதற்குத் தாராளம். உரத்தை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது செடிதான். பட்டினி கிடக்கும் செடி தன் பழைய இலையிலிருக்கும் சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்பும். அந்தப் பழைய இலை மெலிந்து, ஓட்டை விழுந்து, கரையத் தொடங்கும். பாசி முதலில் வந்து உட்காருவது அந்த இலையின் ஓரத்தில்தான்.

1990-களில் தண்ணீரில் பாஸ்பேட் இல்லாமல் பார்த்துக்கொண்டால் பாசி அடங்கும் என்ற கருத்து செடித்தொட்டிக்காரர்களிடம் வலுவாக இருந்தது. அமெரிக்கரான டாம் பார் அதற்கு நேர்மாறாகச் செய்து காட்டினார். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் தாராளமாகப் போட்டார். கார்பன் டை ஆக்சைடு சரியாக இருந்த தொட்டிகளில் பாசி வரவில்லை. ‘எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ்’ என்று அவர் பெயரிட்ட முறையின் அடிப்படை இதுதான்: செடிக்கு எதிலும் குறை வைக்காதே, மிஞ்சுவதை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி வெளியேற்று.

லைட்டுக்குத்தான் முதல் இடம்

சத்துச் சமநிலை என்றதும் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. கடல் மிதவை உயிரிகளில் கடலியல் அறிஞர் ஆல்பிரட் ரெட்ஃபீல்டு கண்ட விகிதத்தை எடைக்கு மாற்றினால் நைட்ரேட் 10, பாஸ்பேட் 1 என்று வரும். அது கடலில் உள்ளதைச் சொல்லும் கணக்கு. உங்கள் தொட்டிக்கான மருந்துச் சீட்டு அல்ல. 5-க்கு 1 இருந்தாலும் 20-க்கு 1 இருந்தாலும் செடி வளரும். எந்தச் சத்தும் தீர்ந்துபோகக் கூடாது, அவ்வளவுதான்.

உண்மையான சமநிலை வேறு இடத்தில் இருக்கிறது. செடி எவ்வளவு வேகமாக வளரவேண்டும் என்று உத்தரவிடுவது லைட். அந்த வேகத்துக்கு முதலில் வேண்டியது கார்பன், அதாவது தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு. உரம் அதற்கு அடுத்துத்தான். லைட்டைக் கூட்டிவிட்டுக் கார்பனைக் கூட்டாமல் உரத்தை மட்டும் ஊற்றுவது, சோறு வேகாத பந்தியில் அப்பளத்தைக் கூடுதலாகப் பரிமாறுவது போலத்தான். ஆகவே பாசி வந்த தொட்டியில் முதலில் குறைக்க வேண்டியது லைட்.

புதுத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம் லைட் போதும். செடிகள் வேர்பிடித்துப் புது இலை விட்டபின் வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி 8 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். டைமர் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. கையால் போட்டு அணைக்கும் லைட் ஒருநாள் 5 மணி நேரமும் மறுநாள் 11 மணி நேரமும் எரியும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் டைமரும் பயன்படாது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்த தொட்டியில் இலக்கு சுமார் 30 பிபிஎம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் அது 1 பிபிஎம். கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பிதான் டிராப் செக்கர். அதில் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 டிகிரி உள்ள கரைசலை மட்டும் ஊற்றுங்கள். தொட்டித் தண்ணீரை ஊற்றினால் அது காட்டும் நிறத்துக்கு அர்த்தமில்லை. நீலம் என்றால் வாயு குறைவு, இளம்பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீன் மேலே வந்து மூச்சு வாங்கும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் லைட் எரியத் தொடங்கும் நேரத்திலேயே பச்சை வந்திருக்க வேண்டுமானால், வாயுவை ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே திறக்கவேண்டும். லைட் அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மூடிவிடலாம்.

மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், மின்சாரம் நின்றால் வாயுவைத் தானே மூடும் சோலனாய்டு வால்வு அவசியம். அது இல்லாவிட்டால் லைட்டும் ஃபில்டரும் நின்றபின்னும் வாயு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். காலையில் மீன்கள் மிதக்கும்.

மூன்று பாட்டில்கள்

எடுத்துக்காட்டாக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 75 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் என்றால் கணக்குப்படி 120 லிட்டர். மண், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போகத் தண்ணீர் சுமார் 100 லிட்டர். உரத்தை இந்த 100 லிட்டருக்குத்தான் கணக்கிடவேண்டும்.

செடி அதிகம் கேட்பவை நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். கால்சியமும் மெக்னீசியமும் நடுத்தர அளவில் வேண்டும். இரும்பு, மாங்கனீசு, போரான், துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம் ஆகியவை நுண்சத்துகள்; துளி அளவு போதும், ஆனால் இல்லாமல் முடியாது.

பெரிய சத்துகளுக்கு அக்வேரியம் கடையின் விலை உயர்ந்த பாட்டில் தேவையில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் நீரில் கரையும் உரங்கள் உரக்கடையிலேயே கிடைக்கும். பையிலுள்ள மூன்று எண்களும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்ற வரிசையில் இருக்கும். 13-0-45 என்று போட்டிருந்தால் அது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 0-0-50 பொட்டாசியம் சல்பேட். எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று 19-19-19 பையை எடுத்துக்கொடுப்பார்கள். அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும். 12-61-0 அம்மோனியம் பாஸ்பேட். நம் போர் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டியிருக்கும்போது அம்மோனியத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாக மாறி மீனின் செவுளைப் பொசுக்கும். கூடவே தண்ணீர் பச்சையாகும். செடிக்கு நல்லதுதானே என்று வாதம் செய்ய அது வயல் அல்ல.

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். டீஸ்பூன் அளவை நம்பவேண்டாம், ஒவ்வொரு தூளும் ஒவ்வொரு கனம்.

முதல் பாட்டில்: 500 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரில் 25 கிராம் பொட்டாசியம் நைட்ரேட். இதில் 10 மி.லி. ஊற்றினால் 100 லிட்டரில் சுமார் 3 பிபிஎம் நைட்ரேட்டும் 2 பிபிஎம்முக்குச் சற்றுக் குறைவாகப் பொட்டாசியமும் கூடும்.

இரண்டாம் பாட்டில்: அதே 500 மி.லி.யில் 3.6 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், 22 கிராம் பொட்டாசியம் சல்பேட். 10 மி.லி.க்கு அரை பிபிஎம் பாஸ்பேட்டும் சுமார் 2 பிபிஎம் பொட்டாசியமும் கிடைக்கும். சல்பேட் கரைய நேரமாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி, ஒரு நாள் வைத்து, அடியில் தங்கும் கசடை விட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பாட்டில் நுண்சத்து. இதை மட்டும் அக்வேரியத்துக்கென்று விற்கும் பாட்டிலாகவே வாங்குவது நல்லது. வயலுக்கான நுண்சத்துக் கலவைகளில் துத்தநாகம், தாமிரத்தின் அளவு பயிருக்கு ஏற்ப வைக்கப்பட்டிருக்கும். தாமிரம் கொஞ்சம் கூடினாலும் இறால்கள் தாங்காது. ஒவ்வொரு தடவையும் இரும்பு 0.1 பிபிஎம் சேரும்படி அளவை வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதையும் லேபிளில் பாருங்கள். இடிடிஏ, டிடிபிஏ இரண்டும் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் பொருள்கள். இடிடிஏ இரும்பு பிஎச் 6.5-க்கு மேல் நிலைக்காமல் போகத் தொடங்கும். டிடிபிஏ 7.5 வரை தாங்கும். நம் ஊர்த் தண்ணீருக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

திங்கள், புதன், வெள்ளி முதல் இரண்டு பாட்டில்களிலும் தலா 10 மி.லி. செவ்வாய், வியாழன், சனி நுண்சத்து. ஞாயிறு பாதித் தண்ணீர் மாற்றம். பாஸ்பேட்டும் இரும்பும் செறிவாகச் சேர்ந்தால் இரும்பு பாஸ்பேட்டாக அடியில் படிந்துவிடும். அதற்காகத்தான் தனிப் பாட்டிலும் தனி நாளும். மூன்றையும் ஒரே பாட்டிலில் கலந்தவர்கள் மறுநாளே அடியில் வெளிறிய மாவு போல ஒன்றைப் பார்த்திருப்பார்கள். வாங்கிய இரும்பின் ஒரு பங்கு அதுதான்.

உரம் கூடிக்கொண்டே போகாதா என்ற பயம் நியாயமானது. வாரம் பாதித் தண்ணீர் மாற்றினால் கூடாது. செடி ஒரு துளிகூட எடுக்காவிட்டாலும், வாராந்திர அளவின் இருமடங்குக்கு மேல் எந்தச் சத்தும் ஏறாது. வாரத்துக்கு 9 பிபிஎம் நைட்ரேட் போட்டால் உச்சம் 18. பாஸ்பேட் 1.5 போட்டால் உச்சம் 3. மலிவான டெஸ்ட் கிட் சொல்லும் எண்ணை விட இந்தக் கணக்கை நம்பலாம். மீன் அதிகமுள்ள தொட்டியில் தீனி வழியாகவே நைட்ரஜன் வருவதால் முதல் பாட்டிலைப் பாதியாக்குங்கள். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு எல்லாவற்றிலும் கால் பங்கு போதும், லைட்டும் மங்கலாக இருக்கவேண்டும்.

ஒரு கிலோ 13-0-45 வாங்கினால் இந்தத் தொட்டிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வரும். நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள்.

தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்

போர் தண்ணீரில் பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டிய மட்டும் இருக்கும். சிக்கல் கேஎச்சில் வரும். கேஎச் 15, 16 என்றிருக்கும் தண்ணீரில் பிஎச் இறங்காது, இரும்பு நிற்காது, மென்மையான தண்ணீர் கேட்கும் ரொட்டாலா வாலிச்சி, ரொட்டாலா மக்ராண்ட்ரா போன்ற செடிகளின் குருத்து சுருளும். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் கேஎச் 4-க்கு வந்துவிடும். வேறு எதுவும் போடவேண்டாம்.

முழுக்க ஆர்.ஓ. ஊற்றுகிறவர்கள் தாதுக்களைத் தாங்களே சேர்க்கவேண்டும். 100 லிட்டருக்கு எப்சம் உப்பு 5 கிராம், ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட் 8.6 கிராம் போட்டால் மெக்னீசியம் 5, கால்சியம் 20 பிபிஎம் கிடைக்கும். ஜிஎச், அதாவது மொத்தக் கடினத்தன்மை, சுமார் 4 டிகிரி. பாதித் தண்ணீர் மாற்றும்போது போடவேண்டியது பாதி அளவு. முழு அளவைப் போட்டுவிடாதீர்கள்.

கோடையில் சென்னை, மதுரை வீடுகளில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் குறைவாகவே கரையும். செடியோ வேகமாகச் சுவாசித்துத் தான் சேர்த்த சர்க்கரையைத் தானே தின்னும். சிவப்பு மங்கும். தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். அதனால் ஆவியாகும் தண்ணீரை ஆர்.ஓ.வால் மட்டுமே ஈடுகட்டுங்கள். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு தங்கித் தங்கி ஒரு மாதத்தில் டிடிஎஸ் எங்கேயோ போய் நிற்கும்.

சிவப்பு எங்கிருந்து வருகிறது

இரும்பு போட்டால் செடி சிவக்கும் என்பது கடைக்காரர் பேச்சு. இரும்பு குறைந்தால் குருத்து வெளுக்கும், போட்டால் வெளுப்பு போகும். அதற்குமேல் போடும் இரும்பு சிவப்பைக் கூட்டாது.

ரொட்டாலா, லுட்விஜியா போன்றவற்றின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. பலத்த வெளிச்சத்தில் இலைக்கு அது குடைபோல உதவும். வெளிச்சமும் கார்பனும் நிறையக் கிடைத்துச் செடி சர்க்கரையைச் சேர்த்து, அதைப் புரதமாக்க நைட்ரஜன் சற்றுக் குறைவாக இருந்தால் நிறமி கூடும். ரொட்டாலா ரொட்டுண்டிஃபோலியாவில், குறிப்பாக ‘ஹெச்ரா’ வகையில், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நைட்ரேட் 20 பிபிஎம்மில் ஆரஞ்சு கலந்த பச்சை. 5 பிபிஎம்மை ஒட்டி இறங்கினால் மேல் நான்கைந்து அடுக்கு இலை செங்கல் நிறத்தைத் தாண்டிச் சிவக்கும், இலையும் சிறுக்கும்.

நைட்ரேட்டைத் தனிப் பாட்டிலில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஆனால் தொட்டி ஓடத் தொடங்கிய முதல் நாளே குறைக்கக் கூடாது. செடி அடர்ந்து, பாசி இல்லாமல், வாரம் ஒரு கத்தரிப்பு கேட்கும் நிலைக்கு வரட்டும்; அதற்கு ஆறு வாரமாவது ஆகும். பிறகு முதல் பாட்டிலை 10-லிருந்து 5 மி.லி.க்குக் குறையுங்கள். மற்ற இரண்டையும் தொடாதீர்கள். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள். தண்டின் அடியிலுள்ள இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள், 7 மி.லி.க்குத் திரும்புங்கள். பாஸ்பேட்டையும் சேர்த்துக் குறைப்பவர்களுக்குச் சிவப்பு கிடைக்காது, குன்றிய குருத்துதான் கிடைக்கும்.

எல்லாச் சிவப்புச் செடிக்கும் இந்த வைத்தியம் ஆகாது. ஆல்டர்னாந்தெரா ரெய்னெக்கி நம் பொன்னாங்கண்ணியின் இனம், தண்டுக்கீரையின் குடும்பம். அதிலுள்ள நிறமி ஆந்தோசயனின் அல்ல, பீட்டாலெய்ன், பீட்ரூட்டில் இருப்பது. நைட்ரேட்டைக் குறைத்தால் அது கூடுதலாகச் சிவக்காது, இலை சுருங்கிக் குட்டையாகும். அதற்கு வேண்டியது நல்ல லைட்டும், வேரடியில் சத்தும், நிலையான கார்பனும். இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்ப்பவர்கள் தண்ணீரில் நைட்ரேட்டைக் குறைத்து, ஆல்டர்னாந்தெராவின் வேரருகே மட்டும் உர மாத்திரை ஒன்றை மண்ணில் புதைக்கலாம். மாத்திரை மேலே வந்து கரைந்தால் அம்மோனியம் தண்ணீரில் கலக்கும். 4, 5 செ.மீ. ஆழத்தில் இருக்கட்டும்.

அக்வாசாயில் போன்ற சத்து மண் புதிதாக இருக்கும் தொட்டியில் தண்ணீரில் நைட்ரேட் அறவே இல்லாவிட்டாலும் செடி செழிக்கும், சிவக்கும். வேர் மண்ணிலிருந்து எடுக்கிறது. அப்படிப்பட்ட தொட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு வெறும் மணல் போட்ட தொட்டியில் உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே. படங்களில் பார்க்கும் சிவப்பில் ஒரு பங்கு லைட்டின் கைவரிசை. சிவப்பு எல்இடி கலந்த லைட்டின் கீழ் எந்தச் செடியும் இன்னும் சிவப்பாகத்தான் தெரியும். வெறும் வெள்ளை எல்இடியில் பார்த்துவிட்டு ‘நிறம் வரவில்லை’ என்று உரத்தை மாற்றவேண்டாம்.

இலையைப் படிப்பது

குறை எங்கே தெரிகிறது என்று முதலில் பாருங்கள், குருத்திலா பழைய இலையிலா? நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியும். ஆகவே அவற்றின் குறை கீழே தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி இடம் மாற்ற முடியாது. குறை குருத்தில் தெரியும்.

பழைய இலை முழுக்க மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. குண்டூசியால் குத்தியதுபோல் ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் இருந்தால் பொட்டாசியம். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால், பழைய இலையில் மெக்னீசியம், குருத்தில் இரும்பு. குருத்து முறுக்கிச் சுருண்டால் புத்தகங்கள் கால்சியம் என்று சொல்லும். நடைமுறையில் கார்பன் ஏற்ற இறக்கமே பெரும்பாலும் காரணம். முதலில் டிராப் செக்கரைப் பாருங்கள். கெட்ட இலை திருந்தாது. உரம் வேலை செய்கிறதா என்பதை அடுத்து வரும் புது இலையில்தான் பார்க்கவேண்டும், அதற்கு ஒரு வாரம் பத்து நாள் பொறுக்கவேண்டும்.

எந்தப் பாசிக்கு எது

கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் வந்தால் பாஸ்பேட் போதவில்லை, அல்லது லைட் அதிகம். இரண்டாம் பாட்டிலை 15 மி.லி.க்குக் கூட்டுங்கள். கண்ணாடியைப் பிளேடால் சுரண்டலாம், இலையில் வந்ததை வெட்டத்தான் வேண்டும். புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூசி சில வாரங்களில் தானே போய்விடும், துடைத்துவிட்டு விடுங்கள்.

நைட்ரேட்டைக் குறைத்தவர்கள் கவனிக்கவேண்டியது நீலப்பச்சைப் படலம். மண்மேல் தோல்போல் படர்ந்து, உரித்தால் துண்டாக வரும், கெட்ட வாடை அடிக்கும். இது பாசியே அல்ல, பாக்டீரியா. நைட்ரேட் தீர்ந்த, நீரோட்டம் இல்லாத மூலையில் வரும். குழாயால் உறிஞ்சி எடுத்துப் பாதித் தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டை 10 பிபிஎம்முக்கு ஏற்றி, மூன்று நாள் தொட்டியைக் கெட்டித் துணியால் முழுக்க மூடுங்கள். அந்த நாள்களில் சிலிண்டரை மூடி, காற்று மோட்டாரை ஓடவிடவேண்டும்.

நூல் பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுக்கலாம். லைட்டை 5 மணி நேரமாக்கி, வேகமாக வளரும் தண்டுச் செடிகளைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

பிடிவாதக்காரன் கருந்தாடிப் பாசி. கடைகளில் பிபிஏ என்பார்கள். கார்பன் ஒருநாள் கூடி ஒருநாள் குறையும் தொட்டியிலும், ஃபில்டரில் கசடு தேங்கிய தொட்டியிலும், பழைய இலை ஓரத்திலும் வேர்க்கட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் வாயுவைச் சீராக்கி, ஃபில்டரைக் கழுவுங்கள். இல்லாவிட்டால் கீழே சொல்லும் வைத்தியம் செய்தும் திரும்ப வரும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இங்கே பெரும்பாலும் 6 சதவீதம், அதாவது ‘20 வால்யூம்’. அதைச் சம அளவு ஆர்.ஓ. தண்ணீரில் கலந்தால் 3 சதவீதம். 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு இந்த 3 சதவீதக் கரைசல் 25 மி.லி.க்கு மேல் வேண்டாம். ஃபில்டரை நிறுத்துங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பாசிக்கு மிக அருகில், மெதுவாக விடுங்கள். குமிழி கிளம்பும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் பாசி செத்துவிட்டது. கருந்தாடி உண்மையில் சிவப்புப் பாசி வகை, பச்சையம் போனதும் அடிநிறம் தெரிகிறது. மீனும் இறாலும் அதைத் தின்று தீர்க்கும். மாஸ் (moss) செடி வகைகள்மேல் கரைசல் படவிடாதீர்கள், அவையும் வெளுத்துவிடும். அதற்குப் பிறகும் கறுப்பு அப்படியே இருந்தால் அதே இடத்தில் இன்னொரு முறை விடலாம்.